முப்பது முறை போய்த் திரும்ப வேண்டும்

இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானம் ஓட்டியவர்களுக்கு அந்த அனுபவம் உண்மையில் எப்படி இருந்தது, அவர்கள் பயந்தார்களா, பிற்பாடு வருந்தினார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை. தனித்தனியாகப் பிரித்துச் சொல்ல வராது.

பொத்தாம்பொதுவாகப் பேசினாலும் பதில் நீர்த்துப்போகும். பகலில் ஜெர்மனிக்குப் போன அமெரிக்கர்களின் போர் வேறு. மரமும் துணியுமாகச் செய்த சிறு விமானங்களில் இரவில் பறந்த சோவியத் பெண்களின் போர் முற்றிலும் வேறு. நான் அதிகம் படித்தது பிரிட்டிஷ் விமானப்படையின் குண்டுவீச்சுப் பிரிவான பாம்பர் கமாண்ட் பற்றி. 1942 முதல் 1945 வரை லங்காஸ்டர், ஹாலிஃபாக்ஸ் என்ற நான்கு இன்ஜின் விமானங்களை இருட்டில் ஓட்டிச் சென்றவர்கள் அவர்கள். அவர்களை வைத்தே சொல்கிறேன்.

அவர்கள் வாழ்க்கையைப் புரிந்துகொள்ள 30 என்ற ஓர் எண் போதும். ஒரு குழு 30 தாக்குதல்களுக்குப் போய்த் திரும்பிவிட்டால் ஒரு சுற்று முடிந்தது. பிறகு சில மாதங்கள் பயிற்சியாளராக ஓய்வு, விதி இருந்தால் இரண்டாவது சுற்று. ஒரு தாக்குதலுக்கு 100 விமானங்கள் போனால் 5 திரும்பவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். 1943-44 குளிர்காலத்தில் பெர்லினைத் தாக்கப் போனபோது இழப்பு ஏறக்குறைய இந்த அளவில்தான் இருந்தது. ஐந்து சதவீதம் என்றால் கேட்கச் சிறிதாக இருக்கிறது. முப்பது முறை பெருக்கிப் பாருங்கள்: 100 குழுக்களில் 21தான் மிஞ்சும். போர் முழுவதும் சேர்த்து அந்தப் படையில் பறந்தவர்கள் ஏறத்தாழ 1,25,000 பேர், இறந்தவர்கள் 55,573 பேர். அத்தனை பேரும் தாமாக விரும்பி வந்தவர்கள், கட்டாயத்தின் பேரில் ஒருவரும் இல்லை. சராசரி வயது 22. இறந்தவர்களில் 5,000க்கும் மேற்பட்டவர்கள் எதிரியைப் பார்க்கவே இல்லை, பயிற்சியின்போதே விபத்துகளில் போய்விட்டார்கள்.

இந்தக் கணக்கை அவர்களிடம் யாரும் கரும்பலகையில் போட்டுக் காட்டவில்லை. காட்டத் தேவையும் இருக்கவில்லை. காலையில் சாப்பாட்டு மேசையில் எத்தனை நாற்காலி காலியாக இருக்கிறது என்று எண்ணத் தெரிந்தவனுக்குக் கணக்கு தெரிந்துவிடும்.

குழு சேர்ந்த விதம் எனக்கு எப்போதும் வியப்பைத் தருவது. ராணுவம் என்றால் பெயர்ப் பட்டியல் போட்டு, உத்தரவு போட்டுத்தான் எதையும் செய்யும் என்று நினைப்போம். இங்கே அப்படி இல்லை. பயிற்சி நிலையத்தில் ஒரு பெரிய விமானக் கொட்டகைக்குள் விமானிகள், வழி கணிக்கும் நேவிகேட்டர்கள், வானொலி இயக்குநர்கள், குண்டெறிபவர்கள், துப்பாக்கி வீரர்கள் எல்லோரையும் மொத்தமாக விட்டு, 'நீங்களே சேர்ந்துகொள்ளுங்கள்' என்று சொல்லிவிடுவார்கள். ஒருவரை ஒருவர் அதற்கு முன் பார்த்ததில்லை. 'ஏம்ப்பா, உனக்கு நேவிகேட்டர் கிடைத்துவிட்டாரா?' என்று விசாரித்து, முகத்தைப் பார்த்து, பேச்சைக் கேட்டு முடிவு செய்தார்கள். ஜாதகமும் இல்லை, விசாரிப்பும் இல்லை, அரைமணி நேரத்தில் நிச்சயமான கல்யாணம். பிற்பாடு விமானப் பொறியாளரும் வந்து சேர, ஏழு பேர். கனடாக்காரன், ஆஸ்திரேலியன், லண்டன் கடைப் பையன், ஸ்காட்லாந்து விவசாயி மகன் எல்லாம் ஒரே விமானத்தில். தரையில் நேவிகேட்டர் அதிகாரியாகவும் விமானி வெறும் சார்ஜென்டாகவும் இருக்கலாம். சக்கரம் தரையை விட்டு எழுந்த பிறகு விமானிதான் தலைவன். 'ஸ்கிப்பர்' என்றே அவனை அழைத்தார்கள்.

லங்காஸ்டரில் துணை விமானி கிடையாது. அமெரிக்க விமானங்களில் இரண்டு பேர் உட்கார்ந்த இடத்தில் இங்கே ஒருவன்தான். எட்டு மணி நேரப் பயணம் என்றால் எட்டு மணி நேரமும் அவன் இருக்கையை விட்டு எழ முடியாது. பாராசூட்டையே மெத்தையாக்கி அதன் மேல்தான் உட்கார்ந்திருப்பான். மற்ற ஆறு பேரும் தங்கள் பாராசூட்டைப் பக்கத்தில் எங்காவது மாட்டி வைத்து, தேவைப்படும்போது நெஞ்சில் கொக்கியிட்டுக்கொள்ள வேண்டும். எரிகிற விமானத்தில் அந்த நேரம் கிடைப்பது அவரவர் அதிர்ஷ்டம். எல்லோரும் குதித்த பிறகே விமானி குதிக்க வேண்டும் என்பது மரபு. அதுவரை விமானம் புரளாமல் பிடித்துக்கொண்டிருக்க அவன் ஒருவனால்தான் முடியும் என்பதால், வெறும் வீரப் பேச்சாக அதை எடுத்துக்கொள்ள முடியாது. கையிலுள்ள கட்டுப்பாட்டுச் சக்கரத்தை அவன் விட்டால் விமானம் சுழலத் தொடங்கும். சுழலும் விமானத்தில் உள்ளே இருப்பவர்கள் சுவரோடு ஒட்டிக்கொள்வார்கள், நகர முடியாது.

தாக்குதல் நாள் என்பது பெரும்பாலும் காத்திருப்பு. காலையில் அறிவிப்புப் பலகையில் இன்றிரவு போகிறவர்களின் பட்டியல் வரும். மதியம் விமானத்தை ஒரு சுற்று ஓட்டிச் சரிபார்ப்பார்கள். பிற்பகலில் எல்லோரையும் கூட்டி உட்கார வைத்து, வரைபடத்தின் மேலிருக்கும் திரையை விலக்குவார்கள். சிவப்பு நாடா எந்த ஊர் வரை போகிறது என்று எல்லாக் கண்களும் ஓடும். பிரான்ஸின் கரையோரம் என்றால் மூச்சு வரும், பெர்லின் என்றால் அறையே முனகும். பிறகு சாப்பாடு: பன்றி இறைச்சியும் வறுத்த முட்டையும். இங்கிலாந்தில் ரேஷனில் வாரத்துக்கு ஒரு முட்டை கிடைத்தாலே பெரிய விஷயமாக இருந்த காலம் அது. 'நீ திரும்பவில்லை என்றால் உன் முட்டையை நான் சாப்பிடட்டுமா?' என்ற பகடி எல்லாத் தளங்களிலும் உலவியது. சட்டைப்பையில் பட்டுத் துணியில் அச்சிட்ட வரைபடம், வெளிநாட்டுப் பணம், தூக்கத்தைத் துரத்த பென்சிட்ரின் மாத்திரை. ஒருவனிடம் பொம்மை முயல், இன்னொருவனிடம் காதலியின் காலுறை. விமானத்தில் ஏறுமுன் ஏழு பேரும் வால் சக்கரத்தின் மேல் சிறுநீர் கழிக்கும் பழக்கம் பல குழுக்களுக்கு இருந்தது. சிரிக்காதீர்கள். பரீட்சைக்குப் போகுமுன் நாம் எந்தக் காலை முதலில் எடுத்து வைத்தோம் என்று நினைத்துப் பார்த்தால் போதும்.

வானொலியில் பேசக்கூடாது. ஓடுபாதை ஓரத்தில் பச்சை விளக்கு எரிந்தால் கிளம்ப வேண்டும். பெட்ரோலும் குண்டும் நிரம்பிய விமானம் 29 டன் வரை இருக்கும். ஓடுபாதையின் பாதியில் ஓர் இன்ஜின் நின்றுபோனால், கதை அங்கேயே முடிந்துவிடும்.

மேலே எழுந்த பிறகு பெரும்பாலான நேரம் எதுவும் நடக்காது. இதைத்தான் படங்களால் காட்ட முடிவதில்லை. 20,000 அடி உயரம், வெளியே உறைபனிக்குக் கீழே 40 டிகிரி கூட இருக்கும், முகமூடியில் ஆக்சிஜன், காதில் இன்ஜின் இரைச்சல். சுற்றிலும் சில நூறு விமானங்கள் விளக்கே இல்லாமல் ஒரே திசையில் போய்க்கொண்டிருக்கின்றன. ஒன்றும் கண்ணுக்குத் தெரியாது. திடீரென்று விமானம் குலுங்கும், முன்னால் போன விமானம் கலக்கிவிட்ட காற்று அது. மோதிவிடுவோமோ என்று வயிறு கலங்கும், கூடவே 'நல்லவேளை, வழி தப்பவில்லை, நம் ஆட்கள் இங்கேதான் இருக்கிறார்கள்' என்ற ஆறுதலும் வரும். நேவிகேட்டர் திரைக்குப் பின்னால் சிறு விளக்கொளியில் கோடு போட்டுக்கொண்டிருப்பார். 30 பயணத்திலும் வெளியே ஒருமுறைகூட எட்டிப் பார்க்காத நேவிகேட்டர்கள் உண்டு. விமானிக்கு அந்தச் சலுகை இல்லை. அவன் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ஜெர்மன் இரவுப்போர் விமானம் ஒன்று பின்னால் வந்தால், வால் துப்பாக்கிக்காரன் இன்டர்காமில் கத்துவான். உடனே விமானி அந்தப் பாரத்தை அப்படியே இடப்பக்கமாகச் சாய்த்துக் குப்புறப் பாய்ச்சி, பிறகு மேலே இழுத்து வலப்பக்கம் திருப்பி, திருகாணி போலச் சுழன்று போக வேண்டும். கைவலிமையால் செய்கிற வேலை. குளிரிலும் சட்டை வியர்வையில் நனைந்துவிடும். தேடுவிளக்குகளில் ரேடாரோடு இணைந்த ஒன்று இருக்கும், அதன் ஒளி நீலம் பாய்ந்தது. அது பிடித்துக்கொண்டால் அடுத்த கணத்தில் இருபது முப்பது விளக்குகள் வந்து சேரும். விமான அறைக்குள் கருவிகளின் முள்கூடத் தெரியாத வெளிச்சம். கீழே உள்ள எல்லாப் பீரங்கிகளுக்கும் அந்த ஒரே விமானம்தான் குறி.

இதில் அவர்களுக்குத் தெரியாமலே இருந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். வானத்தில் திடீரென்று ஒரு பெரிய நெருப்புக்கோளம் வெடித்துச் சிதறும். 'அது சோளக்கொல்லைப் பொம்மை மாதிரி. நம்மைப் பயமுறுத்த, வெடிக்கும் விமானம் போலத் தோன்றும்படி ஜெர்மானியர்கள் சுடும் தனிவகைக் குண்டு' என்று குழுக்கள் உறுதியாக நம்பின. அப்படி ஒரு குண்டு இருந்ததே இல்லை. அவர்கள் பார்த்தது அத்தனையும் உண்மையான விமானங்கள், உள்ளே ஏழேழு பேர். 1943ல் ஜெர்மன் இரவுப்போர் விமானங்களில் சாய்வாக மேல்நோக்கிச் சுடும் பீரங்கிகளைப் பொருத்திவிட்டார்கள். லங்காஸ்டரின் வயிற்றுக்குக் கீழே வந்து, இறக்கையில் உள்ள பெட்ரோல் டாங்கைக் குறிபார்த்துச் சுடுவார்கள். கீழ்ப்பக்கம் பார்க்க லங்காஸ்டரில் பெரும்பாலும் கண்ணும் இல்லை, துப்பாக்கியும் இல்லை. சுடப்பட்டவர்களில் மிகப் பலருக்கு யார் சுட்டார் என்றே தெரிந்திருக்காது. திரும்பி வந்து சொல்ல ஆள் இல்லாததால் மற்றவர்களுக்கும் தெரியவில்லை.

இத்தனையும் தாண்டி இலக்குக்கு மேலே வந்தால், மிகக் கடினமான சில நிமிடங்கள் காத்திருக்கும். குண்டெறிபவர் மூக்குப்பகுதியில் குப்புறப் படுத்துக்கொண்டு திசை சொல்வார். 'இடது, இடது', 'வலது', 'அப்படியே'. இரைச்சலில் குழப்பம் வராதிருக்க இடதை மட்டும் இருமுறை சொல்வது வழக்கம். இப்போது நெளியவோ வளையவோ கூடாது. குண்டு விழுந்ததும் பாரம் குறைந்து விமானம் துள்ளும். அத்தோடு திரும்பி ஓடலாமா என்றால் அதுவும் முடியாது. குண்டோடு ஒரு வெளிச்ச வெடியும் விழுந்திருக்கும். அது வெடிக்கும் நேரத்தில் கேமரா தானாகப் படம் எடுக்கும். அதற்காக மேலும் அரை நிமிடம் நேராக, மட்டமாகப் பறக்க வேண்டும். 1941 ஆகஸ்டில் இப்படிப்பட்ட படங்களை ஆராய்ந்தபோதுதான், இலக்கைத் தாக்கினோம் என்று சொன்ன விமானங்களில் மூன்றில் ஒன்றுதான் இலக்கின் ஐந்து மைலுக்குள் குண்டு போட்டிருக்கிறது என்ற அவலம் வெளியே வந்தது. அதனால் படம் கட்டாயம். பலருடைய நினைவில் போர் முழுவதற்கும் அந்த அரை நிமிடமே நிற்கிறது. சிலர் ஒரு நொடி முன்னதாகக் குண்டை உதறிவிட்டுத் திரும்பினார்கள். பின்னால் வந்தவர்கள் அந்த நெருப்பைப் பார்த்து இன்னும் கொஞ்சம் முன்னதாகப் போட்டார்கள். இப்படிக் குண்டுவீச்சு மைல் கணக்கில் பின்வாங்கி ஊரும். மனிதர்களின் பயத்தால் வந்த பிழை அது. திட்டமிடுபவர்கள் இதையும் கணக்கில் சேர்த்தே இலக்கைக் குறித்தார்கள்.

ஓர் இரவைக் குறிப்பாகச் சொல்கிறேன்: 1944 மார்ச் 30-31, நியூரம்பர்க். 795 விமானங்கள் கிளம்பின. வானில் அரைநிலா. மேகம் மறைக்கும் என்று எதிர்பார்த்தார்கள், மறைக்கவில்லை. சுமார் 265 மைல் வளைவே இல்லாத நேர்கோட்டுப் பாதை. போதாததற்கு அன்று வழக்கத்தைவிடத் தாழ்ந்த உயரத்திலேயே விமானங்களுக்குப் பின்னால் வெண்புகைக் கோடு விழுந்தது. நிலவொளியில் சுண்ணாம்பால் கோடு போட்டுக் காட்டியது போல. முன்கூட்டிச் சொன்ன காற்றின் கணிப்பும் தவறியது. 95 விமானங்கள் திரும்பவில்லை. பாம்பர் கமாண்டின் போர்க்காலத்தில் ஒரே இரவில் நேர்ந்த மிகப் பெரிய இழப்பு இதுதான். வந்தவர்களில் சிலர் நியூரம்பர்க் என்று நினைத்து ஷ்வைன்ஃபுர்ட்டில் குண்டு போட்டுவிட்டு வந்திருந்தார்கள்.

அன்று ஹாலிஃபாக்ஸ் ஒன்றை ஓட்டியவர் சிரில் பார்ட்டன், வயது 22. இலக்குக்கு 70 மைல் முன்னால் தாக்கப்பட்டார். இன்டர்காம் செத்துப்போனது. குழுவினர் விளக்கைச் சிமிட்டிச் சைகை செய்துகொண்டதில் குழப்பம் வந்து, நேவிகேட்டரும் வானொலி இயக்குநரும் குண்டெறிபவரும் குதித்துவிட்டார்கள். ஓர் இன்ஜின் போய்விட்டது, பெட்ரோல் ஒழுகுகிறது, வழி சொல்ல ஆளில்லை. பார்ட்டன் இலக்கு வரை போய்த் தாமே குண்டை விடுவித்தார். பிறகு எதிர்க்காற்றில் நாலரை மணி நேரம் நட்சத்திரங்களையும் தம் உத்தேசத்தையும் நம்பி ஓட்டி, இங்கிலாந்துக் கரையைத் தொட்டார். தம் தளத்துக்கு 90 மைல் வடக்கேதான் தவறியிருந்தார். கரையை ஒட்டி பெட்ரோல் தீர்ந்தது. சண்டர்லாந்து அருகே ரைஹோப் என்ற சுரங்க ஊரில், வீடுகளின் மேல் விழாமல் விமானத்தைத் திருப்பி இறக்கினார். உள்ளே இருந்த மூன்று பேர் பிழைத்தார்கள். பார்ட்டன் பிழைக்கவில்லை. வேலைக்குப் போய்க்கொண்டிருந்த சுரங்கத் தொழிலாளி ஒருவரும் இறந்தார். பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் பார்ட்டனுக்கு மறைவுக்குப் பின் தரப்பட்டது.

இப்படிப்பட்டவர்கள் ஏன் பாதியில் திரும்பவில்லை என்று கேட்பவர்கள் உண்டு. கடமை உணர்வு ஒரு காரணம்தான். எனக்குத் தோன்றும் இன்னொன்று மிகச் சாதாரணமானது. பின்னால் நூற்றுக்கணக்கான விமானங்கள் இருட்டில் வந்துகொண்டிருக்கும்போது அவற்றுக்கு எதிரே திரும்பிப் பறப்பது, முன்னால் போவதைவிட ஆபத்தாக இருந்திருக்கும்.

திறமை காப்பாற்றியதா? முதல் ஐந்து பயணத்தைத் தாண்டினால் பிறகு அனுபவம் கைகொடுக்கும் என்று குழுக்களிடம் சொல்லப்பட்டது. பிற்காலத்தில் பெரிய இயற்பியலாளரான ஃப்ரீமன் டைசன் அப்போது 19 வயதில் பாம்பர் கமாண்ட் தலைமையகத்தில் கணக்குப் பார்க்கும் பிரிவில் வேலை செய்தார். அவர் புள்ளிவிவரங்களைப் பிரித்துப் பார்த்தபோது, முன்பு ஓரளவு இருந்த அந்த அனுபவப் பலன் மறைந்துவிட்டிருந்தது. பழகிய குழுவும் புதிய குழுவும் ஒரே விகிதத்தில் இறந்தார்கள். வயிற்றுக்கடியிலிருந்து சுடும் பீரங்கிக்கு முன்னால் அனுபவம் என்ன செய்யும்! இதைக் குழுக்களிடம் யாரும் சொல்லவில்லை. சுடப்பட்ட அமெரிக்கப் பகல் விமானங்களிலிருந்து ஏறக்குறைய பாதிப்பேர் உயிர் தப்பினார்கள், ஹாலிஃபாக்ஸிலிருந்து கால்வாசி, லங்காஸ்டரிலிருந்து 15 சதவீதம்தான் என்பதும் அங்கே தெரிய வந்தது. லங்காஸ்டரின் தப்பிக்கும் கதவு சுமார் 22 அங்குல அகலம். தடித்த பறக்கும் உடையும் பாராசூட்டும் அணிந்த ஒருவன், இருட்டில், அந்த ஓட்டையில் நுழைய வேண்டும். அதை அகலமாக்கச் சொல்லி டைசனின் சக ஊழியர் போராடினார். முடிவு வருவதற்குள் போர் முடியும் காலம் வந்துவிட்டது. விமானிகளின் வீரம் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். எனக்கு என்னவோ இந்தக் கதவைப் பற்றிப் படித்தபோது வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

லண்டன் ஹெண்டன் அருங்காட்சியகத்தில் 137 தாக்குதல்களுக்குப் போய்வந்த ஒரு லங்காஸ்டர் நிற்கிறது. மூக்கில் வரிசை வரிசையாகக் குண்டுப் படங்கள், கூடவே 'எதிரி விமானம் எதுவும் நம் எல்லைக்குள் பறக்காது' என்ற ஜெர்மன் விமானப்படைத் தலைவர் கோரிங்கின் வீறாப்பு. அதே தொழிற்சாலைகளில், அதே தகட்டில் செய்த எத்தனையோ விமானங்கள் முதல் வாரத்திலேயே போய்விட்டன. பூவா தலையாவில் தொடர்ந்து பூவே விழுந்த காசு அது.

பயம் பற்றி. பயப்படாதவன் யாரும் இல்லை. 'அவன் பர்ட்டன் பீர் குடிக்கப் போய்விட்டான்' என்பார்கள். இறந்துவிட்டான் என்று பொருள். அவன் படுக்கையையும் பெட்டியையும் மறுநாளே ஆள் வந்து எடுத்துப்போவார்கள், மாலைக்குள் அங்கே புதுப் பையன் ஒருவன் சட்டை மாட்டிக்கொண்டிருப்பான். இனி என்னால் முடியாது என்று சொன்னவனுக்கு நிர்வாகம் வைத்த பெயர் 'மன உறுதி இல்லாதவன்'. நெஞ்சிலிருந்த இறக்கைச் சின்னத்தைப் பறித்து, பதவியைக் குறைத்து, வேறு எங்காவது அனுப்பிவிடுவார்கள். இருபது முறை போய்வந்து இருபத்தோராவது முறை உடைந்தவனுக்கும் இதே முத்திரைதான் விழக்கூடும். பலர் சாவைவிட இந்த முத்திரைக்கு அதிகம் பயந்து பறந்தார்கள் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

இனி வருத்தம். 1942 பிப்ரவரி முதல் உத்தரவு தெளிவாகவே இருந்தது: நகரங்களே இலக்கு. 1943 ஜூலை கடைசியில் ஹாம்பர்க்கில் தீப்புயல் எழுந்து, அந்த வாரத் தாக்குதல்களில் ஏறத்தாழ 37,000 முதல் 40,000 பேர் இறந்தார்கள். 1945 பிப்ரவரியில் டிரெஸ்டனில் சுமார் 25,000 பேர். 20,000 அடி உயரத்தில் இருந்தவனுக்கு அது கரிய தரையில் பரவும் சிவப்பாகத்தான் தெரிந்தது. அலறல் மேலே எட்டாது. தவிரவும், அவர்களில் பலர் 1940ல் ஜெர்மன் குண்டுவீச்சில் லண்டனும் கோவென்ட்ரியும் எரிந்ததைப் பார்த்தவர்கள். 'அவர்கள் தொடங்கினார்கள்' என்பது அந்த வயதில் போதுமான பதிலாக இருந்தது. முதுமையில் சிலருக்கு அது போதாமல் போனது, சிலருக்குக் கடைசிவரை போதுமானதாகவே இருந்தது. எல்லோரும் குற்ற உணர்வில் வெந்தார்கள் என்பதும் கதை, ஒருவரும் வருந்தவில்லை என்பதும் கதை.

லெனர்ட் செஷைரை எடுத்துக்கொள்ளுங்கள். நூறு தாக்குதல்களுக்குப் பறந்து, நான்கு ஆண்டுத் துணிவு முழுவதற்குமாக விக்டோரியா கிராஸ் பெற்றவர். 1945 ஆகஸ்ட் 9 அன்று நாகசாகி குண்டை விமானத்திலிருந்து பிரிட்டன் சார்பில் பார்த்தவர். 1948ல், புற்றுநோயால் இறந்துகொண்டிருந்த, போக்கிடம் இல்லாத ஒருவரைத் தம் வீட்டுக்குக் கூட்டிவந்து கவனித்தார். அதிலிருந்து ஊனமுற்றோருக்கான இல்லங்கள் பல நாடுகளில் வளர்ந்தன. இந்தியாவிலும் அவர் பெயரில் இல்லங்கள் உண்டு. 'நாகசாகியைப் பார்த்து மனம் மாறிவிட்டார்' என்று இதை எளிதாக முடித்துவிடுகிறார்கள். அணுகுண்டு போரை முடித்தது, அதனால் உயிர்கள் மிஞ்சின என்றே அவர் பிற்காலத்திலும் வாதாடினார். இரண்டும் ஒரே மனிதரிடம் இருந்தன.

பிரிட்டனுக்கே இவர்களை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. 1945 மே மாத வெற்றி உரையில் சர்ச்சில் பாம்பர் கமாண்டைக் குறிப்பிடாமல் கடந்துபோனார். அவர்களுக்கென்று தனிப் பதக்கம் வரவில்லை. லண்டனில் நினைவுச்சின்னம் 2012ல்தான் திறக்கப்பட்டது. பதக்க நாடாவில் பொருத்திக்கொள்ள ஒரு சிறு உலோகப் பட்டையை அரசு 2013ல்தான் வழங்கத் தொடங்கியது. 1943ல் 22 வயதில் பறந்து திரும்பியவனுக்கு அப்போது வயது 92. அதை வாங்க உயிரோடு இருந்தவர்கள் கொஞ்சம் பேர்தான்.